வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். தரகு நிறுவனத்திலிருந்து, ஒரு பங்கு ஒரு வருடத்தில் 30 சதவீதம் ஏறும், 'வாங்கலாம்' என்று அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். பட்டறைப் பணத்தைப் போடலாமா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பட்டறைப் பணத்தைத் தொடாதீர்கள் அம்மா. வெள்ளி வாங்கவும் கூலி கொடுக்கவும் புழங்குகிற பணம் அது. பங்கு இறங்கிக் கிடக்கும் நேரத்தில் திடீரென்று தேவைப்பட்டால் நஷ்டத்துக்குத்தான் விற்க வேண்டிவரும்.

அதுபோக மீதி இருக்கிறதா? சரி, அறிக்கையின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். எழுதியவரோ அவர் குடும்பத்தாரோ அந்தப் பங்கை வைத்திருக்கிறார்களா, கடந்த 12 மாதங்களில் அந்தக் கம்பெனியிடம் தரகு நிறுவனம் பணம் வாங்கியிருக்கிறதா என்று அதில் சொல்லியாக வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் 2014 விதி அது. டச், அதாவது சுத்தம், பார்க்காமல் நீங்கள் வெள்ளி வாங்குவதில்லையே, அப்படித்தான் இதுவும்.

இவர்கள் ஏன் வாங்கவே சொல்கிறார்கள் தெரியுமா? 'விற்றுவிடுங்கள்' என்று எழுதினால் கையில் வைத்திருப்பவர்தான் விற்பார். 'வாங்குங்கள்' என்றால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தரகு நிறுவனத்துக்குக் கமிஷன் கூடும். கம்பெனிக்காரர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை பெரும்பாலான பங்கு ஆய்வாளர்கள் அதை வாங்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்பிப் போட்ட சாதாரண மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அப்புறம் 2003-ல் அங்கே பங்கு அறிக்கை எழுதும் 10 பெரிய நிதி நிறுவனங்கள், ஆய்வறிக்கையில் நேர்மை தவறிய புகார்களுக்காகச் சுமார் 140 கோடி டாலர் கட்டின.

அதற்காக எல்லா அறிக்கையையும் குப்பையில் போட வேண்டாம். கென்ட் வோமாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், வாங்கச் சொன்ன பங்குகள் அறிவிப்புக்குப் பிறகு மற்ற பங்குகளைவிடச் சராசரியாக 2.4 சதவீதமே கூடுதலாக ஏறின. அதுவும் கொஞ்ச நாள்தான். விற்கச் சொன்னவை ஆறு மாதம்வரை சரிந்தன, சராசரியாக 9.1 சதவீதம். அதனால் உங்களிடம் இருக்கும் பங்கை யாராவது விற்கச் சொன்னால் அந்த அறிக்கையை வரி விடாமல் படியுங்கள். பங்கு எவ்வளவுவரை ஏறும் என்று சொல்லும் இலக்கு விலையைவிட, கடன் எவ்வளவு, விற்பனை எதனால் கூடும் என்று எழுதியிருப்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மாதம் 10 சதவீத லாபம் நிச்சயம் என்கிறாரே?
- வாசகர், ஏற்காடு

பதில்: இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். செபியில் பதிவு பெற்ற ஆய்வாளர் லாபத்துக்கு உத்தரவாதம் தரவே கூடாது. அவருடைய பதிவு எண் ஐஎன்எச் என்று தொடங்கும். கேட்டு வாங்கி, செபி இணையதளத்தில் சரிபாருங்கள்.