கேள்வி - பதில்: அந்தக் காலத்து ஓட்டுநர்களின் துணிச்சல்

கேள்வி: "பழைய ஃபார்முலா ஒன் கார் பந்தய ஓட்டுநர்களுக்கு இருந்த துணிச்சல் இப்போதையவர்களுக்கு இல்லை" என்கிறார் என் மாமா. சரிதானா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் மாமாவுக்கு அந்தக் காலத்து ஓட்டுநர் நிக்கி லாடாவின் கதையைச் சொல்லுங்கள். 1976 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் அவருடைய ஃபெராரி தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள்தான் அவரை வெளியே இழுத்தார்கள். ஆறே வாரத்தில், தீப்புண் ஆறாத தலையில் கட்டோடு, இத்தாலியின் மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். அதே ஆண்டு ஜப்பானில் கொட்டுகிற மழை. இதில் ஓட்டுவது ஆபத்து என்று இரண்டே சுற்றில் காரை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அந்த ஆண்டின் உலகப் பட்டம் ஜேம்ஸ் ஹன்ட் என்ற ஓட்டுநருக்குப் போனது. மோன்சாவைவிட அப்படி இறங்கியதைத்தான் நான் பெரிய துணிச்சல் என்பேன்.

அப்புறம் இந்தக் காலம். 2020இல் பஹ்ரைனில் ரொமென் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்து இரண்டாக உடைந்து எரிந்தது. 2018 முதல் கட்டாயமான, தலையைக் காக்கும் 'ஹாலோ' என்ற உலோகச் சட்டகம் தாங்கியதால், வெந்த கைகளோடு தானே ஏறி வெளியே வந்தார். இதில் துணிச்சல் எங்கே குறைந்தது?

இங்கே மதுரை ரிங் ரோட்டில் ராத்திரி பைக் ரேஸ் விடும் பையன்கள் என் பட்டறைக்கு வந்து சைலன்சரை மாற்றச் சொல்வார்கள். மாற்றித் தர மாட்டேன். முன் பிரேக்கைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடைக் கையில் கொடுப்பேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தம்பி இருந்தால், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பைக் பந்தயமும் முறையாக நடக்கிறது.