துருப்பிடித்த பழைய கன்வெர்டிபிள் காரை நண்பரை நம்பி வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: 1960களில் வந்த, கூரையை மடித்துத் திறக்கும் கன்வெர்டிபிள் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பாடியில், முக்கியமாக அடிப்பக்கம், நிறைய துரு. வெல்டிங் தெரிந்த நண்பர் ஒருவர் கூட நின்று செய்து தருகிறேன் என்கிறார். இறங்கலாமா, ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாமா?

தாராளமாக இறங்கலாம். நண்பருக்கு வெல்டிங் தெரியுமா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்கிற பொறுமை அவருக்கு இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கன்வெர்டிபிள், அதுவும் 60களின் வண்டி என்கிறீர்கள். அதனால் நீங்களும் இங்கே இங்கிலாந்தில்தான் இருப்பீர்கள், எம்.ஜி.பி.யோ டிரையம்ஃபோ வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போட்டோவில் பளபளவென்று இருந்திருக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாக்கி போட்டுத் தூக்கிய அன்றுதான் விஷயம் தெரிந்திருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்.

என்னுடையது டிரையம்ஃப் ஹெரால்ட் 1200 கன்வெர்டிபிள். நான் இருப்பது கோவென்ட்ரி, டிரையம்ஃப் தொழிற்சாலை இருந்த கான்லிக்குப் பக்கத்தில். நம்மவர்களுக்கு இந்த வண்டி அந்நியமில்லை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் இதையே செய்து விற்றார்கள். என் பெரியப்பா ஒன்று வைத்திருந்தார். பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே நிற்போம். அந்த ஆசையில் வாங்கியதுதான் இது.

ஹெரால்டில் ஒரு வசதி இருக்கிறது. 1959இல் இது வந்தபோது மற்ற கம்பெனிகள் எல்லாம் தனிச் சேசிஸை, அதாவது பாடியை அடியிலிருந்து தாங்கும் இரும்புச் சட்டத்தை, விட்டுவிட்டு பாடியையே சேசிஸாகச் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் தனிச் சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த அழகு வேறு. அவர்களுடைய அன்றைய கஷ்டம் இன்று நமக்கு லாபம்: கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், ஹெரால்டில் வெறும் மூடிதான், பாரம் தாங்குவதில்லை.

எம்.ஜி.பி.யில் அப்படி இல்லை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் அப்படி இல்லை. அவற்றில் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. உங்களுடையது அந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் நான் கீழே சொல்வதை இரண்டு மடங்கு கவனமாகப் படியுங்கள்.

என் நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வாழ்நாள் முழுக்க கராஜ் வேலை. நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் வந்தபோது நான் கிரைண்டர், கட்டிங் டிஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். அவர் எதையும் தொடவில்லை. "தம்பி, உதுகளை உங்காலை வையுங்கோ. முதல்ல கதவைச் சாத்திப் பாப்பம்" என்றார்.

இரண்டு கதவையும் மெதுவாகச் சாத்தி, பெயின்ட் கலக்கும் மரக்குச்சி ஒன்றைக் கதவின் பின் ஓரத்து இடுக்கில் மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். வலது பக்கம் ஒரே சீராக ஓடியது. இடது பக்கம் கீழே தாராளமாக இருந்த இடைவெளி மேலே போகப் போகக் குறுகி, கைப்பிடிக்கு மேல் குச்சி மாட்டிக்கொண்டது. கூரை இல்லாத வண்டி கீழே அரித்துப்போனால் கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவுக்கு முன்னும் பின்னும் இருக்கிற தூண்கள் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அந்த நிலையிலேயே புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்துவிட்டால் தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும். கதவு பிறகு ஜன்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. யூடியூபில் கிரைண்டர் தீப்பொறியிலேயே வீடியோவை ஆரம்பிக்கிறார்களே, அவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை.

அதனால் எங்கள் வேலை துருவில் ஆரம்பிக்கவில்லை. வண்டியைச் சமதளத்தில் வைத்து, சேசிஸுக்கு அடியில் நான்கு இடத்தில் ஸ்டாண்ட் கொடுத்து, கதவு இடைவெளி சரியாக வரும்வரை நடுவில் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். பிறகு கதவைக் கழற்றிவிட்டு, கதவு இருந்த இடத்தில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயைப் பற்றவைத்தோம். வேலை முடியும்வரை அது அசையாது. அப்புறம்தான் கிரைண்டர். அதுவும் ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திறந்துபோட்டால் அளவு பார்க்க வண்டியில் எதுவும் மிஞ்சாது.

ஹெரால்ட்காரர்களுக்கு இன்னொன்று: பாடியும் சேசிஸும் சேரும் இடங்களில் சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கியிருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று போட்டோ எடுத்து, உறையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். கதவு சரியாக உட்காருவது அந்தத் தகடுகளால்தான்.

இடது பக்க சில்லைக் கழற்றினோம். உள்ளே ஜன்னல் ஓரத்தில் அடிக்கிற மஞ்சள் ஃபோமைப் பீய்ச்சி நிரப்பியிருந்தார் முந்தைய புண்ணியவான். அதன்மேல் வலை, வலைமேல் பட்டி, பட்டிமேல் பெயின்ட். அந்த ஃபோமைக் கையால் பிய்த்தபோது தண்ணீர் சொட்டியது. வெயில் அடித்துக்கொண்டிருந்த நாள் அது. குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு கலந்த தண்ணீர் எத்தனை வருடமாக அதற்குள் இருந்ததோ. பின்னால், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கை, ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அண்ணை அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "உது துரு செய்த வேலை இல்லை தம்பி, உது ஆள் செய்த வேலை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பொறுமை வேலைதான், விரிவாக எழுத ஒன்றுமில்லை. துளைக்கு மேல் ஒட்டுப் போடக்கூடாது. நல்ல தகரம் பளிச்சென்று தெரியும்வரை வெட்டிவிட்டு, வெட்டிய அளவுக்கே புதுத் தகரம் வைக்கவேண்டும். அடித்தளத்துக்கு 1.2 மி.மீ. தகரம், வெளியே தெரியும் பகுதிக்கு அதைவிட மெல்லியது. கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் வெல்டிங்தான் வசதி, 0.6 மி.மீ. கம்பி போதும். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகரம் நெளிந்து அப்பளமாகிவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர் ஓரத்தில் ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒன்று என்று தாண்டித் தாண்டிப் போகவேண்டும். அதைச் செய்ய அண்ணைக்குக் கை நடுங்காது. எனக்கு வேலை தகரத்தை அழுத்திப் பிடிப்பது, டீ போடுவது, நெருப்பு பார்ப்பது.

நெருப்பு பார்ப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அவர் வெளியே பற்றவைப்பார், உள்ளே துருவுக்காகப் பூசிய பழைய அண்டர்சீல் பூச்சு உருகிப் பற்றிக்கொள்ளும். முகமூடி போட்டிருப்பவருக்குத் தெரியாது. டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைத்த பிறகுதான் ஆரம்பிக்கவேண்டும். பேட்டரி, கார்ப்பெட், சீட் எல்லாம் வெளியே. துத்தநாகம் பூசிய தகரம் துருப்பிடிக்காதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் வரும் புகை ராத்திரி காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

வெல்டிங் முடிந்தால் வேலை முடிந்தது என்று நண்பர்கள் கை கழுவுவது வழக்கம். முடியவில்லை. இணைப்புகளில் சீலர், மேலே பிரைமர், கடைசியாகப் பெட்டி மாதிரி மூடிய பகுதிகளுக்குள் நீளமான குழாய் விட்டு மெழுகு பீய்ச்சவேண்டும். சில்லின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பியால் குத்திவிடுங்கள். துரு உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இப்போது கீழே கமென்டில் சிலர் வருவார்கள், தெரியும். "கராஜ் ஷெட்டில் செய்த வெல்டிங்கை நம்பி ரோட்டில் ஓட்டுவீர்களா?" என்று கேட்பார்கள். ஓட்டுகிறேன். 40 வருடம் தாண்டிய வண்டி, பெரிய மாற்றங்கள் செய்யாதது என்றால் இங்கே எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தும் கொண்டுபோய்க் காட்டினேன். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பிடிக்கிற இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் பாரம் தாங்கும் பகுதி அரித்திருக்கிறதா என்பதை அவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள், பாஸ். காசு வாங்கிக்கொண்டு ஃபோம் அடிக்கிற ஒர்க்‌ஷாப்புகளும் இருக்கின்றன, ஒழுங்காகச் செய்யும் ஒர்க்‌ஷாப்புகளும் இருக்கின்றன. நான் எல்லா ஒர்க்‌ஷாப்பையும் திட்டவில்லை. நண்பர்தான் உசத்தி என்றும் சொல்லவில்லை. உங்கள் நண்பர் பட்டி டப்பாவோடு வந்து நின்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காசு விஷயத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் பேச ஆரம்பித்ததும் அண்ணை, "காசுக்கதை கதைச்சா நான் வரமாட்டன்" என்றார். சரி என்று கேஸ் சிலிண்டர், கம்பி, டிஸ்க், தகரம் எல்லாம் நான் வாங்கினேன். சனிக்கிழமை மட்டும் வேலை, இருட்டினால் நிறுத்தம். அவர் வீட்டுக்காரம்மாவிடமும் இதைச் சொல்லி வைத்தேன். நண்பரின் சனிக்கிழமைகளை வாங்குகிறோம், அது அவர் ஒருவருடைய சொத்து இல்லையே.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், யாரிடமாவது சொல்லவேண்டும். வண்டி துருவோடு கிடந்தபோது "இந்தப் பழைய இரும்பை எதற்குக் கட்டி அழுகிறாய்" என்று கேட்ட அத்தனை சொந்தக்காரர்களும், பெயின்ட் அடித்த பிறகு கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள். "ஒரு மணி நேரம்தானே அங்கிள்." போன கோடையில் ஒரு ரிசப்ஷனுக்குக் கொடுத்தேன். பானெட் முழுக்க இரட்டைப் பக்க டேப் ஒட்டிப் பூ வைத்தார்கள். போட்டோகிராஃபர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மடித்த துணிக் கூரை மேல் ஏற்றி உட்காரவைத்தார். பெண்ணின் ஹீல்ஸ் சீட்டில். டேப்பின் பசையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெட்ரோல் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பந்தியில் அண்ணையை எனக்குத் தெரியாத கூட்டத்தில் எங்கோ கடைசி மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். இனி கேட்டால் கிளட்ச் போய்விட்டது என்று சொல்வதாக இருக்கிறேன். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் வண்டி என்ன மாடல் என்று கமென்டில் போடுங்கள். போட்டோவும் போடுங்கள். கதவைச் சாத்தி, பக்கவாட்டில் நேராக நின்று எடுத்தது ஒன்று, சில்லுக்கு அடியில் படுத்து எடுத்தது ஒன்று. அண்ணையிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். கடற்கரையில் நிறுத்தி எடுத்ததெல்லாம் வேண்டாம்.