ஏர்பேக் ஒயரைப் பிடுங்காதீங்க
சகோ, உங்க மனைவி நாலடி பத்தங்குலம், ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுறாங்க, ஏர்பேக் ஒயரைப் பிடுங்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். பயம் நியாயம்தான், கண் இமைக்குறதுக்குள்ள விரியுற பை, ரொம்பப் பக்கத்துல இருந்தா நெஞ்செலும்பையே உடைச்சிடும். ஆனா சரி பண்ண வேண்டியது தூரத்தை. டேப் எடுத்து ஸ்டீயரிங் நடுவுல இருந்து நெஞ்செலும்பு வரை அளந்து பாருங்க, 25 செ.மீ. வேணும். சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளி, முதுகை லேசா சாய்ச்சு, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்குங்க. அது முகத்தைப் பார்க்காம நெஞ்சைப் பார்க்கணும். எங்கம்மாவுக்கு இப்படித்தான் செட் பண்ணேன், முதல் வாரம் புலம்பினாங்க, அப்புறம் பழகிட்டாங்க. பெல்ட் கட்டாயம். அது இல்லாட்டி பிரேக் அடிச்ச வேகத்துல உடம்பு முன்னால போய், விரியுற பை மேலயே விழும். கைக்குழந்தையைப் பின்னோக்கிப் பார்க்குற குழந்தை சீட்ல வெச்சா, அந்த சீட் காரோட பின்பக்கம்தான் இருக்கணும், ஏர்பேக் முன்னாடி கூடவே கூடாது.