ரேடியோக்காரர் பதில்கள்

கேள்வி: என் மகன் மெல்பர்னில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறு வந்தால் பெனாலா என்ற ஊருக்குப் போய் இஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறான். அவன் இன்ரீச் என்று ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறான். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் இருக்கும் இடத்தை என் கைப்பேசியில் புள்ளியாகக் காட்டும். போன சனிக்கிழமை நம் நேரப்படி மதியம் 12.40க்கு வந்ததுதான் கடைசிப் புள்ளி. அப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. சமையல் அப்படியே கிடந்தது. சாயங்காலம் அவனே கூப்பிட்டு, "மற்றக் கருவிகளோடு சண்டை போட்டதும்மா, அதனால் இருக்கைக்குப் பக்கச் சுவரில் உள்ள பையில் போட்டுவிட்டேன்" என்று சிரிக்கிறான். ஐயா, கருவிகள் சண்டை போடுமா?
(ஒரு வாசகி, பந்திங் அருகே ஒரு தோட்டம்)

பதில்: போடும் அம்மா. நீங்களும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவர் என்றால் இதை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டதும் வீட்டுக்கு வீடு கலிமந்தாங் குழல் விளக்கு எரியும். அதே நொடியில் வானொலியில் பாட்டு போய் கரகர சத்தம் வரும். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தடிக்கு வெளியே போவார். பாட்டு திரும்பி வந்துவிடும். விளக்குக்கும் வானொலிக்கும் ஒரு பகையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் குற்றம். நான் சுபாங்கில் 26 வருடம் விமான ரேடியோ வேலை பார்த்தேன். அங்கே செய்ததில் பாதி, அப்பா செய்த அதே வேலைதான்.

இப்போது உங்கள் மகன் விஷயம். கிளைடரில் அநேகமாக ஃபிளார்ம் என்று ஒரு கருவி இருக்கும். 2004இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. பக்கத்தில் வேறு கிளைடர் வந்தால் எச்சரிக்கும். மேலே எழும் ஒரே வெப்பக் காற்றில் ஐந்தாறு பேர் பருந்து மாதிரி வட்டமடிக்கும்போது இது உயிர் காக்கும் சாமான். ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல், ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு போல இருக்கும்.

அதற்குப் பக்கத்தில் உங்கள் மகன் இன்ரீச்சை வைத்திருக்கிறார். அது இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசும் கருவி. மொத்தம் 66, சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கு எட்ட வேண்டுமே, அதனால் ஒன்றரை வாட் அளவுக்குக் கத்தும். ஜிபிஎஸ் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில், இது கத்துவது 1616 முதல் 1626.5 வரைக்குள். அடுத்த வீடு என்று சொல்ல முடியாது, ஆனால் அதே வரிசை லயம்தான். தைப்பூசத்தில் உருமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மேளம் ஓரிரு நொடிதான் அடிக்கும், உடனே நின்றுவிடும். ஆனால் கருவியை ஃபிளார்மின் ஆன்டெனா மேலேயே வைத்திருந்தால் அந்த நேரத்தில் ஜிபிஎஸ் செவிடாகலாம். திரையில் கோளாறு என்று வரும். பறப்பைப் பதிவு செய்யும் லாகருக்கும் இதே கதி. ஐந்து மணி நேரம் வானில் இருந்து, 50 கிலோமீட்டர் பறந்து, 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெள்ளிப் பதக்கச் சின்னம் கிடைக்கும். அதற்காகப் பறந்துவிட்டு, பதிவில் ஓட்டை விழுந்திருந்தால் எவ்வளவு எரிச்சல் வரும், நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, அவர் அதை மற்றக் கருவிகள் இருக்கும் முன்பலகையிலிருந்து எடுத்தது சரி. பக்கத்துப் பையில் போட்டது தப்பு. கிளைடரின் கண்ணாடிக் கூடு ரேடியோ அலையைத் தடுக்காது. ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது தடுக்கும். பக்கச் சுவர் கார்பன் ஃபைபர் என்றால் தகரப் பெட்டிக்குள் போட்டது மாதிரிதான். கண்ணாடி இழைச் சுவர் பரவாயில்லை. இதில் கிளைடர் சாய்ந்து சாய்ந்து வட்டமடிக்கிறது. ஒரு சுற்றுக்கு 20, 25 நொடி. பைக்குள் இருக்கும் கருவிக்கு வானம் தெரிவதே எப்போதாவதுதான். உங்களுக்கு 12.40க்குப் பிறகு புள்ளி வராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, வேறு எங்கே வைப்பது? என்னைக் கேட்டால் உடம்பில்தான். கிளைடர் ஓட்டுபவர்கள் முதுகில் பாரசூட் கட்டியிருப்பார்கள். அதன் தோள்பட்டை வாரில், திறக்கும் கைப்பிடி இல்லாத பக்கமாக, தொங்கும் கயிறு இல்லாமல் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். மேலே வானம் தெரியும், முன்பலகைக் கருவிகளுக்கு ஒரு முழத்துக்கு மேல் தூரம், கை எட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குதிக்க வேண்டி வந்தால் கருவியும் கூடவே வரும். கிளைடரில் ஒட்டி வைத்த கருவி கிளைடர் விழுந்த இடத்தைச் சொல்லும். பிள்ளை விழுந்த இடத்தைச் சொல்லாது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை அம்மா. ஆனாலும் பலரும் கவனிக்காத விஷயம் இதுதான்.

பறப்பதற்கு முன் ஒரு நாள் திறந்தவெளியில் சோதனை போடட்டும். கொட்டகைக்குள் வேண்டாம், ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காது. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிளார்மை மட்டும் போட்டு எத்தனை செயற்கைக்கோள் பிடிக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் இன்ரீச்சைப் போட்டு இரண்டு மூன்று செய்தி அனுப்பி, அந்த எண்ணிக்கை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே மாதிரி விமான ரேடியோ: யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, கைப்பேசி சார்ஜரை மாட்டியும் கழற்றியும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் நிஜமான திருடன் அநேகமாக இந்த யுஎஸ்பி சார்ஜர்தான். மலிவு சார்ஜர் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது விமானிகள் பேசும் இடம் முழுக்க, இரைச்சல் கொட்டும். பாசார் மாலாமில் 15 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கி என் காரில் கேமராவுக்குப் போட்டேன். அன்றிலிருந்து ஜிபிஎஸ் என்னைச் சாலையில் விடாமல் செம்பனைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. இத்தனை வருட வேலைக்காரன் அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. வீட்டில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்ரீச்சை கிளைடரின் மின்சாரத்தில் மாட்டவே வேண்டாம். முந்தின ராத்திரி சார்ஜ் போட்டால் ஒரு நாள் பறப்புக்குத் தாராளம்.

கடைசியாக உங்களுக்கு. புள்ளி நின்றுவிட்டது என்பதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள். பறக்கும் இடத்தில் பொறுப்பில் இருப்பவர் எண் ஒன்றை மகனிடம் வாங்கி, குளிர்பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். "தரை இறங்கிவிட்டேன்" என்று கருவியில் முன்பே எழுதி வைத்த செய்தி ஒன்று இறங்கியதும் வர வேண்டும் என்று பேசி வையுங்கள். நம் நேரம் ஐந்து மணிக்குள் அது வரவில்லை என்றால் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். கோடையில் அங்கே அப்போது எட்டு மணி. இருட்டப் போகும் நேரம்.

கேள்வி: ஐயா, கிளைடருக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி போதாதா? மாதச் சந்தா கட்டி இன்ரீச் எதற்கு?
(ஒரு வாசகர், தெலுக் பங்லிமா காராங்)

பதில்: இரண்டும் வேறு வேலை செய்கின்றன. 406 கருவியின் சிக்னல் கோஸ்பாஸ் சார்சாட் என்ற செயற்கைக்கோள் மீட்பு அமைப்பு வழியாக நேரே மீட்புப் படைக்குப் போகும். சந்தா கிடையாது. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒலி விடும், தேடி வருபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வரலாம். ஆனால் கையில் வைத்திருக்கும் வகையை யாராவது இயக்க வேண்டும். விமானத்தில் பொருத்தும் வகை மோதும்போது தானே இயங்கும், ஆனால் சில நேரம் அதுவும் கைவிட்டுவிடும்.

ஸ்டீவ் ஃபாசெட் என்று ஒருவர். 2006இல் அர்ஜென்டினாவில் இன்னொருவரோடு கிளைடரில் 50,727 அடி ஏறிச் சாதனை செய்தவர். அடுத்த வருடம் செப்டம்பரில் நெவாடாவில் ஒரு சின்ன இஞ்சின் விமானத்தில் தனியாகக் கிளம்பினார், திரும்பவில்லை. விமானத்தில் அவசரக் கருவி இருந்தும் சிக்னல் வரவில்லை. வாரக்கணக்கில் தேடினார்கள். 13 மாதம் கழித்து கலிபோர்னியா மலையில் உடைந்த பாகங்கள் கிடைத்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி விட்டுக்கொண்டே போகிறவரை இப்படித் தேட வேண்டியதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கிளைடர் பத்து நிமிடத்தில் சுமார் 17 கிலோமீட்டர் போகும், அதற்குள் தேடினால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் மூன்றரை கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வசதி இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புக்கிட் ஜுக்ராவில் பாராகிளைடர் பறக்கிறேன். கைப்பேசியை காந்தப் பிடியில் ஒட்டி, இன்ரீச்சோடு புளூடூத்தில் இணைத்திருக்கிறேன். ஆபத்தா?
(ஒரு வாசகர், பந்திங்)

பதில்: புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஜிபிஎஸ்ஸுக்குத் தொந்தரவு இல்லை. காந்தம்தான் வம்பு. பக்கத்தில் திசைகாட்டி இருந்தால் ஊசி அதன் பேச்சைத்தான் கேட்கும். காந்தப் பிடியை எடுத்துவிட்டு இறுக்கிப் பிடிக்கும் கவ்வி போடுங்கள்.