மலைப் பாதையில் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: சமதளத்தில் 14 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் நடந்துவிடுவோம். பள்ளத்தாக்குகளும் காடும் உள்ள மலைப் பாதையில் அதே தூரத்துக்கு நான்கு மணி நேரம் போதுமா? புறப்படும் இடத்தின் உயரம் 400 மீட்டர், போய்ச் சேரும் இடம் 900 மீட்டர்.

பதில்: போதாது. 900-இல் 400-ஐக் கழித்து '500 மீட்டர்தானே ஏற்றம்' என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வழியில் இரண்டு பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டு, ஒவ்வொன்றிலும் 200 மீட்டர் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்தால் மொத்த ஏற்றம் 900 மீட்டர், இறக்கம் 400 மீட்டர். வரைபடத்தில் பாதையை விரலால் தொடர்ந்து, ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியே கூட்டுங்கள்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் அது நல்ல பழக்கம் உள்ளவர் ஓய்வில்லாமல் நடக்கும் வேகம். முதுகில் சுமையோடு போகும் புதியவர்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. உங்கள் பாதைக்குத் தூரத்துக்கு மூன்றரை மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக ஐந்து. மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்றால் 50 நிமிடம். செங்குத்தான இறக்கம் நேரத்தை மிச்சப்படுத்தாது. 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகவே எடுக்கும். இதுவே ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. சாப்பாடு, வழி தேடுதல், ஒருவருக்குக் காலில் கொப்புளம் என்று ஒரு மணி நேரம் சேர்த்தால் ஏழு.

இனிப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சூரியன் மறைவது மாலை 6 மணி என்றால் 4 மணிக்குச் சேர்ந்துவிட வேண்டும். எனவே காலை 9 மணிக்குப் பிறகு புறப்படாதீர்கள். பள்ளத்தாக்கில் மலைமுகடு வெயிலை முன்னதாகவே மறைத்துவிடும், அடர்ந்த காட்டுக்குள் இருட்டு இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் இந்த இரண்டு மணி நேரம். பாதி வழியை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். அந்த நேரத்துக்குள் தாண்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்வது முக்கியம். களைத்த பிறகு யாருக்கும் நிதானமாக முடிவெடுக்க வராது.

கேள்வி: வரைபடத்தில் உள்ள வளைகோடுகளை எப்படிப் படிப்பது?

பதில்: ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை சமஉயரக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு. 'வி' வடிவில் மடியும் கோட்டின் கூர்முனை மேட்டை நோக்கியிருந்தால் அது ஓடையோ பள்ளமோ. தாழ்வை நோக்கியிருந்தால் முகட்டுச் சரிவு. 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் 2 சென்டிமீட்டர்தான் ஒரு கிலோமீட்டர். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று கொள்வோம். 2 மில்லிமீட்டருக்குள் ஐந்து கோட்டு இடைவெளிகள் இருந்தால் 100 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் உயரம், அதாவது 45 பாகைச் சரிவு. சுமையோடு அங்கே நடக்க முடியாது. இன்னொன்று: 15 மீட்டர் உயரப் பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுதாக மறைந்திருக்கலாம்.

கேள்வி: காட்டில் வழி தவறினால் ஓடையைத் தொடர்ந்து கீழே போனால் ஊர் வந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மலை ஓடை அருவியாகவும் வழுக்குப் பாறையாகவும் குறுகிய பிளவாகவும் இறங்கும். ஓரிடத்தில் சறுக்கி இறங்கிவிட்டால் மேலே ஏறவும் முடியாது, கீழே போகவும் வழியிருக்காது. தண்ணீர் இரைச்சலில் தேடி வருபவர்களின் குரலும் கேட்காது.

சந்தேகம் வந்த உடனே நில்லுங்கள். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். பெரும்பாலும் ஏமாற்றுவது விலங்குகளின் தடம். தரையில் பாதை போலத் தெளிவாக இருக்கும், ஆனால் மார்பு உயரத்தில் கிளைகள் குறுக்கே நிற்கும். சற்றுத் தூரத்தில் பலவாகப் பிரிந்து மறையும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், வரும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும். திரும்பவும் முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்து விசில் ஊதுங்கள்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் விசில் கேட்டால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள்.

கேள்வி: பாதையில் பாலமில்லாத ஓடை குறுக்கிட்டால்?

பதில்: குறுகலான இடம் எளிது போலத் தோன்றும், அங்குதான் ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். கீழே அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். காலணியைக் கழற்றாதீர்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களை நீருக்கடியில் இழுக்கக் கூடாது. நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் கடக்க வேண்டாம். நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். சிறிய ஓடைகள் மழை நின்ற சில மணி நேரத்தில் வடியும். காத்திருக்கலாம்.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் மொபைல் வழிகாட்டுமா?

பதில்: காட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, மொபைல் டவர் தேவையில்லை. வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வைத்துவிட்டு, ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழும் புள்ளி தள்ளிக் காட்டும் என்பதால் காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: இறங்கும்போது கால் நகங்கள் வலிக்கின்றன. ஏன்?

பதில்: பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் காலணியில் மோதுவதால். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகாலைப் பின்னால் அழுத்தி, கணுக்கால் பகுதியில் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். சிறிய அடிகளாக வையுங்கள். ஊன்றுகோல் இருந்தால் அதை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டால் முழங்காலுக்கும் சுமை குறையும்.