இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நடந்து சுற்றவும் ஊர்த் திருவிழா ஒன்றைக் காணவும் எங்கே, எப்போது செல்லலாம்?

ஒரே பயணத்தில் இரண்டையும் காண விரும்பினால், டெர்பிஷயரின் டிசிங்டன் என்னும் சிற்றூரையே முதலில் சொல்வேன். ஈஸ்டருக்குப் பின் 39ஆம் நாளாக வரும் வியாழனன்று, இயேசு விண்ணேற்ற விழாவையொட்டி, அங்குள்ள நீரூற்றுகளைப் பூக்களாலான படங்களால் அலங்கரித்து, தண்ணீருக்கு நன்றி சொல்கிறார்கள்.

மரப்பலகைகளைச் சில நாள் நீரில் ஊறவைத்து, அவற்றின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, படத்தின் கோடுகளை விதைகளாலும் சிறு காய்களாலும் பதித்தபின், பூவிதழ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி ஒட்டுகிறார்கள். மழைநீர் வழிந்தோடுவதற்காக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்குமாறு கீழிருந்து மேலாக அடுக்குவதை அருகில் நின்று பாருங்கள்; அத்தனை உழைப்பும் சில நாள்களில் வாடிவிடும் என்பதே எனக்கு அதை மேலும் அருமையாக்குகிறது.

அருகிலுள்ள ஆஷ்போர்ன் என்னும் சிறுநகரிலிருந்து பழைய ரயில் பாதையின் வழியே சுமார் 6 கிலோமீட்டர் நடந்தால் டிசிங்டனை அடையலாம். தண்டவாளம் அகற்றப்பட்ட பாதை என்பதால் பெரிய ஏற்றம் இல்லை, முதியவர்களும் நடக்கலாம்.

வயல்வெளிகளில் நடக்கத் தயங்க வேண்டாம். தனியார் நிலமானாலும், பொது நடைபாதையாகப் பதிவான வழியில் நடக்க எவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு; மஞ்சள் அம்புக்குறி அதைக் காட்டும். திறந்த படலை மறவாமல் மூடுங்கள், ஆட்டுக்குட்டிகள் மேயும் பருவம் அது.