ஜாஸ் ட்ரம்பெட் கேட்கத் தொடங்குபவர் முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

பலரும் லூயி ஆம்ஸ்ட்ராங், மைல்ஸ் டேவிஸ் என்பார்கள். தப்பே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் கிளிஃபர்ட் பிரவுன்.

1954இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ஐவர் குழு அமைத்தார். அந்த ஆண்டு பதிவான 'ஜாய் ஸ்ப்ரிங்' என்ற அவருடைய மெட்டைப் போடுங்கள். முதல் எட்டு தாளச் சுற்றுகள் ('பார்') முடிந்ததும் அதே மெட்டு அரைக் கட்டை மேலே ஏறித் திரும்ப வரும். திடீரென்று அறையில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அப்புறம் அவர் தனியாக வாசிக்கும் பகுதியைக் கவனியுங்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும், எதுவும் மழுங்காது. வேகத்துக்காகத் தொனியை விட்டுக்கொடுக்காதவர் அவர். எனக்கு இன்றும் ஆச்சரியம் அதுதான்.

பிரவுன் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் ஊர்க்காரர், 1930இல் பிறந்தவர். கல்லூரியில் முதலில் படித்தது கணிதம். 1950இல் கார் விபத்தில் சிக்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி நேரில் வந்து பார்த்து, வாசிப்பை விட்டுவிடாதே என்று தெம்பு கொடுத்தார். முதல் ஒலிப்பதிவு 1952இல். அதாவது, இன்று நாம் கேட்பதெல்லாம் நாலே வருட வாசிப்பு!

அந்தக் காலத்தில் ஹெராயின் ஜாஸ் கலைஞர்களை வாரிக்கொண்டு போனது. பிரவுன் ஆதர்சமாக நினைத்த ட்ரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோவே அந்தப் பழக்கமும் காசநோயும் சேர்ந்து 26 வயதில் போய்விட்டார். பிரவுன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒழுங்காக வாழ்ந்துகொண்டே பெரிய கலைஞனாக இருக்க முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக, குழுவில் சாக்ஸபோன் வாசித்த சோனி ரோலின்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'ஜாய் ஸ்ப்ரிங்' என்பது மனைவி லாரூவை அவர் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். 1954 ஜூன் 26இல் கல்யாணம். சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே ஜூன் 26இல், சிகாகோ போகும் வழியில் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் ராத்திரி மழையில் கார் சறுக்கிக் கவிழ்ந்தது. பிரவுன், பியானோ கலைஞர் ரிச்சி பவல், காரை ஓட்டிய பவலின் மனைவி நான்சி மூவரும் இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25.

அவர் நினைவாக சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன் 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்' என்ற மெட்டை அமைத்தார். அதை 1957இல் லீ மார்கன் ட்ரம்பெட்டில் வாசித்த பதிவு இருக்கிறது. வாசித்தபோது மார்கனுக்கு வயது 18. 'ஜாய் ஸ்ப்ரிங்' முடிந்த கையோடு அதையும் கேளுங்கள்.